கிறீச்... பிரேக் கூப்பிடுது!

லஸ் கார்னர் சிக்னல். பக்கத்துல காலேஜ் பஸ். நீங்க ஸ்டைலா வந்து பிரேக் பிடிக்கறீங்க. 'கிறீ...ச்!' ஜன்னல் மொத்தமும் உங்களையே பார்க்குது. மானம் கப்பலேறிடுச்சா? கவலையை விடுங்க பாஸ். இந்த வாரம் டிஸ்க் பிரேக் வைத்தியம்!

டிஸ்க்கை பேடு ஒரே சீரா பிடிக்காம, விட்டு விட்டுப் பிடிச்சா அதிரும். அந்த அதிர்வுதான் இந்தக் கச்சேரி. மழைநாள் காலையில ஈரம் பட்டு கத்தி, நாலு தடவை பிடிச்சதும் அடங்கிட்டா, அது மேட்டரே இல்லை.

நாள் பூரா கத்துதா? பேடுல தூசி அடைஞ்சிருக்கும். இல்லை, சூட்டுல அதோட முகம் கண்ணாடி மாதிரி இறுகியிருக்கும். இல்லை, பின் காஞ்சு போயிருக்கும். காலிபரைக் கழட்டி, பேடை சாண்ட் பேப்பர்ல லேசா தேய்ங்க. டிஸ்க்கை பிரேக் கிளீனர் அடிச்சு சுத்தமான துணியால துடைங்க. பின்னுக்கு மட்டும் சூடு தாங்கற சிலிக்கான் கிரீஸ், துளியூண்டு. தூசியை வாயால ஊதாதீங்க, நுரையீரலுக்கு ஆகாது. காலிபர் வெளியில இருக்கும்போது லீவரைத் தொடாதீங்க, பிஸ்டன் பிதுங்கி வந்துடும்.

பேடு நடுவுல இருக்கற பள்ளம் தேஞ்சு மறைஞ்சிருந்தா வைத்தியம் வேண்டாம், நேரா ஜி.பி. ரோடு போய் புதுசு வாங்குங்க. 'கர கர'ன்னு கேட்டா இரும்போட இரும்பு உரசுதுன்னு அர்த்தம். வண்டியை எடுக்கவே எடுக்காதீங்க.

இப்ப கொஞ்சம் சீரியஸ். "எண்ணெய் விட்டா சத்தம் போயிடும்டா"ன்னு யாரோ சொன்னதைக் கேட்டு, நம்ம நண்பன் ஒருத்தன் டிஸ்க்ல செயின் ஆயில் அடிச்சான். சத்தம் போச்சு. கூடவே பிரேக்கும் போச்சு. அடையாறு திரு.வி.க. பாலத்துல பின் பிரேக்தான் அவனைக் காப்பாத்துச்சு. எண்ணெய் குடிச்ச பேடைத் தேய்ச்சாலும் தேறாது, மாத்தியே ஆகணும். 2019 ஏப்ரல்லேர்ந்து 125 சி.சி.க்கு மேல உள்ள புது வண்டிக்கெல்லாம் ஏ.பி.எஸ். கட்டாயம்தான். ஆனா அது சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்குமே தவிர, வழுக்கற பேடுக்கு பிடிப்பு தராது.

எல்லாம் மாட்டினதும் நின்ன இடத்துலயே லீவரை நல்லா இறுகற வரைக்கும் அழுத்தி அழுத்தி விடுங்க. இதை மறந்தா முதல் பிரேக்கே பிடிக்காது. புது பேடுன்னா காலி ரோட்டுல 40 கி.மீ. வேகத்துலேர்ந்து நிதானமா ஒரு பத்து தடவை குறைச்சுப் பழக்குங்க. உஸ்மான் ரோடு கூட்டமெல்லாம் அப்புறம்.

சந்தேகமா இருந்தா மெக்கானிக் அண்ணன்கிட்ட போயிடுங்க, அதுல கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. கத்தற பிரேக்குக்கு பஸ்தான் திரும்பிப் பார்க்கும். பிடிக்காத பிரேக்குக்கு ஆம்புலன்ஸே வரும் பாஸ்!