சமாதானக் கூட்டம்: யாருக்குச் சமாதானம்?

சமாதானக் கூட்டம்னு சொன்னாலே எங்க தெருச் சனத்துக்கு வயிறு கலங்கும். கலவரம் வந்தாக்கூட ஓடி ஒளிஞ்சுக்கலாம். சமாதானத்துக்குக் கூப்பிட்டுட்டா போய்த்தானே ஆகணும்?

திருச்சுழிப் பக்கம் வானம் பார்த்த கிராமம் எங்களுடையது. கம்பும் சோளமும் மிளகாயும் விளைந்தால் உண்டு. விளையாத வருசம் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட வேண்டியதுதான். மழை பெய்வதே அபூர்வம். அந்த வருசம் பெஞ்சு தொலைச்சது. அப்பத்தா அப்போதுதான் செத்தாள். நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலம். எங்கள் சுடுகாட்டுக்குப் போகிற ஓடைப்பாதையில் இடுப்பளவு தண்ணீர். வேறு வழியில்லாமல் பாடையை ஊர்த்தெரு வழியாகத் தூக்கிப் போனோம். அரசாங்கம் போட்ட ரோடுதான். பாதித் தெரு தாண்டவில்லை, கல் வந்து விழுந்தது. சித்தப்பா மண்டை உடைந்தது. பாடையை ரோட்டில் இறக்கி வைத்துவிட்டு ஓடினோம். அப்பத்தா அரைமணி நேரம் தனியாகக் கிடந்தாள்.

புகார் கொடுத்தோம். வழக்குப் போடவில்லை. நாலாம் நாள் ஓர் அலுவலகத்தில் இருந்து ஆள் வந்தது. ‘ரெண்டு பக்கமும் பேசி முடிச்சுக்கலாம், வந்துருங்க.’

போனோம். அதிகாரிக்கு எதிரே நாற்காலிகள் கிடந்தன. ஊர்ப் பெரியவர்கள் வந்ததும் ‘வாங்க, உக்காருங்க’ என்றார் அதிகாரி. எங்கய்யாவைப் பார்த்து, ‘ஏப்பா, நீ இப்படி ஓரமா நில்லு’ என்றார். ஒரு மணிநேரம் பேசினார்கள். எங்கய்யா பேசியது ரெண்டே வார்த்தை: ‘ஆமாங்கய்யா’, ‘சரிங்கய்யா’. கடைசியில் ஒரு தாள் வந்தது. ‘இரு தரப்பினரும் இனிமேல் எந்தப் பிரச்சினையும் செய்ய மாட்டோம்’ என்று எழுதியிருந்தது. எங்கய்யா அஞ்சாவது வரை படித்தவர், கையெழுத்து நன்றாகவே போடுவார். ஆனாலும் அவர் பக்கம் மைப்பெட்டியைத்தான் தள்ளினார்கள்.

அந்தத் தாளில் இருந்த ‘இரு தரப்பு’ என்ற சொல்லைப் பற்றித்தான் பேச வேண்டும். எது எது அந்த இரண்டு தரப்பு? கல் ஒரு தரப்பு, மண்டை ஒரு தரப்பா? கல்லும் மண்டையும் இனிமேல் மோதிக்கொள்ளக் கூடாது என்று எழுதி வாங்குவதற்குப் பெயர் சமாதானமா? எறிந்தவன் குற்றவாளி, அடிபட்டவன் புகார்தாரர் என்கிறது சட்டம். சமாதானக் கூட்டம் என்கிற மாயப்பெட்டிக்குள் போய் வெளியே வந்தால் குற்றவாளியும் இல்லை, புகார்தாரரும் இல்லை. ‘தரப்பு’ மட்டும்தான் மிஞ்சுகிறது.

இந்த மண்ணில் இது புதுசு இல்லை. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் முதுகுளத்தூரும் பரமக்குடியும் ஒரே இராமநாதபுரம் மாவட்டமாகக் கிடந்த காலம். 1957 செப்டம்பர் 10, முதுகுளத்தூரில் ஆட்சியர் கூட்டிய சமாதானக் கூட்டம். இம்மானுவேல் சேகரன் போனார். ராணுவத்தில் இருந்து வந்தவர், முப்பத்து மூணு வயசுகூட நிறையவில்லை. கெஞ்சப் போகவில்லை. எதிரில் இருந்த தலைவர்களுக்குச் சமமாக நின்று வாதாடினார். மறுநாள் இரவு, செப்டம்பர் 11, பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். சமாதானக் கூட்டத்தில் சமமாகப் பேசிய ஒருவர் அதற்குப் பின் ஒரு நாள்கூட முழுசாக வாழவில்லை. தலையைக் குனிந்து ‘சரிங்கய்யா’ என்று சொன்ன எங்கய்யா கிழவராகும்வரை வாழ்ந்தார். ஓரமாக நின்றவரின் மவுனத்துக்கு அர்த்தம் புரிகிறதா தோழர்களே?

சேரிக்காரனுக்கு மட்டும்தான் இந்தக் கதி என்றும் நினைக்க வேண்டாம். 2015 சனவரி 12, நாமக்கல்லில் எழுத்தாளர் பெருமாள்முருகனை உட்காரவைத்து நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதி வாங்கியதும் ஒரு ‘அமைதிப் பேச்சுவார்த்தை’யில்தான். அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2016 சூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. ஊரறிந்த எழுத்தாளருக்கு உயர்நீதிமன்றம் இருந்தது. எங்கய்யாவின் கைநாட்டு எந்தக் கட்டில் கிடந்து மக்கியதோ!

முற்போக்கு நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள்: ‘பேசித் தீர்க்கிறது நல்லதுதானே? கோர்ட்டுக்குப் போனால் பத்து வருசம் இழுக்கும். ஒரே ஊரில் எல்லோரும் சேர்ந்து வாழ வேண்டாமா?’ 2006ஐயும் உதாரணம் காட்டுகிறார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், நம்ம விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல். 1996இல் இந்த நாலு ஊராட்சிகளின் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருசம் தேர்தலே நடக்கவில்லை, அல்லது நடந்த கையோடு ஜெயித்தவரை ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2006 அக்டோபரில் நடந்தது. ‘பேசித்தானே நடந்தது?’ என்கிறார்கள்.

ஆமாம், பேசினார்கள். நாங்கள் பேச்சுக்கு எதிரி இல்லை. ஆனால் அங்கே பேசப்பட்டது என்ன? தேர்தல் வேண்டுமா வேண்டாமா என்பதா? தேர்தல் நடந்தே தீரும் என்று அரசு முடிவெடுத்துவிட்டு, எப்படி நடத்துவது என்று பேசியது. அது சட்டத்தைக் காலூன்ற வைக்கப் பேசிய பேச்சு. எங்கள் ஊரில் நடந்தது சட்டத்துக்குப் பதிலாகப் பேசிய பேச்சு. இந்த ரெண்டையும் ஒண்ணாக்கிக் குழப்பாதீர்கள்.

பேச்சுத்தான் வேண்டும் என்றால் சட்டமே பேச்சுக்கு இடம் வைத்திருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. 1995ஆம் வருசத்து விதிகள், ஆட்சியர் தலைமையில் மாவட்ட விழிப்பு கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்கின்றன. முதலமைச்சர் தலைமையில் மாநிலக் குழு வருசத்துக்கு ரெண்டு தடவையாவது கூட வேண்டும். கொடுமை நடந்த இடத்துக்கு ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் போக வேண்டும். சட்டம் கட்டளையிடும் பேச்சு இது. உங்கள் மாவட்டக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று உங்கள் தெருவில் யாருக்காவது தெரியுமா? சட்டத்தில் உள்ள கூட்டம் எப்போது நடக்கிறதென்றே சேதி வராது. சட்டத்தில் இல்லாத கூட்டத்துக்கு மட்டும் வீடு தேடி ஆள் வரும்!

நம்மைப் பற்றிப் பேசுவது வேறு, நம்மைப் பேச விடுவது வேறு. இது இந்தக் கரிசலுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. எதையும் பொதுவில் வைத்து விவாதிக்கிற நாடு என்று பெயரெடுத்த ஜெர்மனியைப் பாருங்கள். 2000 முதல் 2006 வரை அங்கே ஒன்பது பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எட்டுப் பேர் துருக்கி வம்சாவளியினர், ஒருவர் கிரேக்கர். பூ விற்றவர், பெட்டிக்கடை வைத்தவர் போன்ற சாதாரண உழைப்பாளிகள். போலீஸ் செத்தவர்களின் குடும்பங்களைத்தான் துருவியது. பத்திரிகைகள் ஒரு துருக்கிப் பண்டத்தின் பெயரைப் போட்டு ‘டோனர் கொலைகள்’ என்று எழுதின. 2006 மே மாதம் அந்தக் குடும்பங்கள் காசல் நகரத்தில் ஊர்வலம் போய், ‘பத்தாவது பலி வேண்டாம்’ என்று கத்தின. கேட்பாரில்லை. கொன்றது நாஜிக் கும்பல் என்று 2011 நவம்பரில்தான் தெரிந்தது. அந்தக் கும்பல் 2007இல் ஒரு பெண் போலீசையும் கொன்றிருந்தது. ‘டோனர் கொலைகள்’ என்பதை அப்புறம் 2011ஆம் ஆண்டின் மிக மோசமான சொல்லாக அங்கே தேர்ந்தெடுத்தார்கள். நம் நாட்டில் ‘இரு தரப்பு மோதல்’, ‘முன்விரோதம்’ என்று இன்றைக்கும் கூசாமல் எழுதுகிறோம். நமக்கு எந்த வருசம் வெட்கம் வரும்?

படிக்கிற பிள்ளைகளுக்கும் களத்தில் நிற்கிற தோழர்களுக்கும் சொல்ல வேண்டியது இதுதான். மனு ரசீதைக் கொடுத்து அனுப்பினால் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். வழக்குப் பதிய முதல்கட்ட விசாரணை தேவையில்லை என்று 2018ஆம் வருசத்துத் திருத்தம் சொல்கிறது. கடமையை வேண்டுமென்றே செய்யாத, பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருசம் வரை சிறை என்று சட்டத்தின் நாலாவது பிரிவு சொல்கிறது. இதை மனப்பாடமாக வைத்திருங்கள். கண்காணிப்புக் குழுவின் கூட்ட நடவடிக்கைக் குறிப்பைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். பேச்சுவார்த்தைக்குப் போனால் அஞ்சாறு பேராகப் போங்கள், பெண்களை முன்னால் அனுப்புங்கள். எல்லோருக்கும் நாற்காலி போடுகிறவரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. யார் என்ன சொன்னார் என்று அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.

மைப்பெட்டியை யார் நீட்டினாலும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ‘எப்.ஐ.ஆர். நம்பர் என்ன? அதைச் சொல்லுங்க. அப்புறம் பேசலாம்.’