‘எந்த லொறியென்றாலும் ஏறு’ என்பது தவறான புத்திமதி

கனரக வாகன அனுமதிப்பத்திரம் கைக்கு வந்ததும் மட்டக்களப்பு இளைஞருக்குக் கிடைக்கும் முதல் புத்திமதி இது: “யாருடைய லொறியென்றாலும் ஏறு. அனுபவம் வந்தால் சம்பளம் தானாக வரும்.” வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரையிலும் அந்தப் பக்கம் படுவான்கரையிலும் இதை மறுத்துப் பேசுவோர் குறைவு. நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதால் யாரும் துருவிப் பார்ப்பதில்லை. இந்தப் புத்திமதி மூன்று நம்பிக்கைகளின் மேல் நிற்கிறது. மூன்றும் புதிய சாரதிக்குக் கேடு செய்பவை.

“எங்கே ஓடினாலும் அனுபவம் அனுபவம்தான்” என்பது முதல் நம்பிக்கை. அனுமதிப்பத்திரம் ஓட்டும் உரிமையைத் தருகிறது, ஓட்டும் பழக்கத்தை முதல் வேலைதான் தருகிறது. சீ1 வகுப்பு 17,000 கிலோ வரையிலான லொறிக்கு, சீ வகுப்பு அதற்கும் மேலானவற்றுக்கு. பரீட்சையில் வெறும் வண்டியை ஓட்டிக் காட்டியவருக்கு, பாரம் ஏற்றிய வண்டி கண்டியிலிருந்து மகியங்கனைக்குப் பதினெட்டு வளைவுகளில் எப்படி இறங்கும் என்பது தெரிந்திருக்காது. இறக்கம் தொடங்குமுன்பே சிறிய கியருக்கு மாற்றி, எஞ்சினின் இழுவையாலேயே வேகத்தை அடக்க வேண்டும். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் டிரம் சூடேறி, கடைசி வளைவில் தேவைப்படும்போது பிடிக்காது. இதைப் பக்கத்தில் இருந்து சொல்லித்தர மூத்த சாரதி ஒருவர் உள்ள இடத்தில் கழியும் ஆறு மாதமும், முதல் நாளே சாவியைக் கையில் கொடுத்து அனுப்பும் இடத்தில் கழியும் ஆறு மாதமும் ஒரே அனுபவம் ஆகாது. தனியே பழகுபவர் பிழையையும் சேர்த்தே பழகுகிறார். விபத்து நடக்கும்வரை அது பிழையென்று அவருக்குத் தெரிவதில்லை.

“ட்ரிப்புக்கு யார் கூடத் தருகிறாரோ அங்கே போ” என்பது இரண்டாவது. சம்பளத்தை எதைக் கொண்டு கணக்கிடுகிறார்கள் என்பதுதான் வண்டியின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. மண் டிப்பர் ஓட்டுபவருக்கு நாளுக்கு எத்தனை லோட் என்பது மட்டுமே வருமானமானால், பாடசாலை விடும் நேரத்தில் ஊர் வீதியில் மெதுவாகப் போவதும், தேய்ந்த டயரை மாற்றக் கராச்சில் நிற்பதும் அவருக்கு நட்டம். அளவுக்கு மேல் மண் ஏற்றினாலும் மறுத்துப் பேச வாய் வராது. இரவில் கொழும்புக்கு ஓடும் லொறிக்கும் இதே கணக்குத்தான். வெலிக்கந்தை, மன்னம்பிட்டி வழியாக ஹபரணை வரை யானைகள் குறுக்கிடும் வீதி அது. 2023 ஜூலை 9 அன்று மன்னம்பிட்டி கொட்டலிய பாலத்தில், காத்தான்குடி நோக்கி வந்த பஸ் ஆற்றில் விழுந்து 10 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். பழகியவர்களுக்கே நிதானம் தேவைப்படும் அந்த வீதியில், நித்திரை முழித்தால்தான் காசு என்ற நிலையில் புதியவரை விடுவது கொடுமை. நிலையான அடிச்சம்பளத்துக்கு மேல் ட்ரிப்புக் காசு வருமானால், நிற்க வேண்டிய இடத்தில் அவர் துணிந்து நிற்பார்.

“ஈபிஎப் பிடிக்கிற இடம் வேண்டாம், முழுக்காசையும் கையில் தருகிற இடம் பார்” என்பது மூன்றாவது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி தொழிலாளி 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம் கட்ட வேண்டும். மாதச் சம்பளம் 50,000 ரூபா என்றால் 4,000 ரூபா கழிவது உண்மை. அந்தப் பணமும் சாரதியின் பெயரிலேயே சேர்கிறது. முதலாளி போட வேண்டிய 7,500 ரூபாவையும் பாருங்கள்: ஆண்டுக்கு 90,000 ரூபா. நாட்சம்பளம், ட்ரிப்புக் கணக்கு என்று சொல்லி இந்தக் கடமையிலிருந்து தப்ப முடியாது. நாளை வேறு கம்பனிக்கோ வளைகுடாவுக்கோ விண்ணப்பிக்கும்போது, சேவைக் கடிதமும் இந்தப் பதிவும்தான் அனுபவத்துக்குச் சாட்சி. வேலையில் காயப்பட்டு வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்கவும், அங்கே வேலை செய்ததை முதலில் நிரூபிக்க வேண்டும்.

“ஒன்றிரண்டு லொறி வைத்திருக்கும் முதலாளிகளே அதிகமுள்ள ஊரில், வீட்டுக் கஷ்டத்தோடு வேலை தேடுபவருக்குத் தெரிவு ஏது?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பெரிய கம்பனியைத் தேடும்படி நான் சொல்லவில்லை. பெரிய கம்பனியும் ட்ரிப்பை மட்டும் எண்ணலாம், ஒற்றை லொறி முதலாளியும் ஒழுங்காக நடத்தலாம். முதல் வாரங்களில் பக்கத்தில் யார் இருப்பார், காப்புறுதியும் தகுதிச் சான்றிதழும் நடப்பில் உள்ளனவா, பழுதென்று வண்டியை நிறுத்தினால் அன்றைய சம்பளம் கிடைக்குமா என்று கேட்கக் காசு தேவையில்லை. அங்கே ஏற்கனவே ஓடும் சாரதிகளிடம் விசாரித்தால் ஒரே நாளில் பதில் தெரிந்துவிடும். பதில் சரியில்லையென்றால், சில மாதம் சிறிய லொறியிலோ மூத்த சாரதியோடு கிளீனராகவோ போகலாம். அதிலும் வருமானம் உண்டு. “தெரிந்த முதலாளி, பிரச்சினை வந்தால் பார்த்துக்கொள்வார்” என்ற நம்பிக்கையும் பாதிதான் உண்மை. தண்டப்பணத்தை அவர் கட்டக்கூடும். ஆனால் விபத்து வழக்கில் எதிரிக்கூண்டில் நிற்பவரும், அனுமதிப்பத்திரத்தை இழப்பவரும் சாரதிதான்.

ஆகவே புத்திமதி சொல்லும் பெரியவர்கள் “எவ்வளவு தருவார்கள்?” என்பதற்கு முன், “யார் பழக்குவார்கள், எதை எண்ணிச் சம்பளம் தருவார்கள்?” என்று கேட்க வேண்டும். இப்படிக் கேட்கும் குடும்பங்கள் பெருகினால், நல்ல சாரதி வேண்டுமென்று நினைக்கும் முதலாளிகளும் தங்கள் கணக்கை மாற்றித்தான் ஆக வேண்டும்.