எஞ்சின் நின்ற நாளும் விற்ற நாளும்

புதுக்குடியிருப்பிலோ பூநகரியிலோ, வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத வாகனத்தின் எஞ்சின் இறுகி நின்றால், முதலில் அதைப் பக்கத்துக் கராஜுக்குக் கட்டி இழுத்துச் செல்வார்கள். அன்று பின்னேரத்துக்குள் ஹெட் கழற்றப்பட்டிருக்கும். வொரண்டிப் புத்தகத்தை அலுமாரியில் தேடத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். இந்த ஒழுங்கால் எவ்வளவு இழக்கிறோம் என்பதைக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பழுதானால் கொம்பனி திருத்தித் தரும் என்பதே வொரண்டி பற்றி நம்மிடையே உள்ள நம்பிக்கை. புத்தகத்தில் எழுதியிருப்பது அதைவிடக் குறுகியது. மூலப்பொருளில் அல்லது தயாரிப்பில் குறை இருந்து, அதனால் பழுது வந்திருந்தால் திருத்தித் தருவார்கள். தேய்மானம், பராமரிப்புக் குறைவு, வெள்ளம், கலப்பட எரிபொருள் எல்லாவற்றையும் வெளியே விட்டிருப்பார்கள். ஆகவே தகராறு முழுவதும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: எஞ்சின் ஏன் நின்றது? அதற்கான சாட்சி எஞ்சினுக்குள்தான் இருக்கிறது.

பெயரிங் எரிந்து கிராங் இறுகியதை எடுத்துக்கொள்வோம். ஒயில் குறைந்து ஓடினாலும் பெயரிங் எரியும். தொழிற்சாலையிலேயே ஒயில் வழியில் உலோகத் துகள் தங்கியிருந்தாலும் எரியும். ஹுண்டாய், கியா நிறுவனங்களின் தீட்டா 2 எஞ்சினில் நடந்தது இரண்டாவது. கிராங்கைக் கடைந்தபோது மிஞ்சிய துகள்கள் பெயரிங்குக்குப் போகும் ஒயிலைத் தடுத்தன. 2015 இல் அமெரிக்காவில் சுமார் 470,000 கார்கள் திருப்பி அழைக்கப்பட்டன. 2017 இல் அந்தத் தொகை இன்னும் பெருகியது. ஹுண்டாயில் வேலைசெய்த தென்கொரியப் பொறியியலாளர் கிம் குவாங்-ஹோ, நிறுவனம் குறைபாட்டைச் சரிவரக் கையாளவில்லை என்று 2016 இல் அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் தகவல் கொடுத்தார். 2020 இல் இரு நிறுவனங்களும் மொத்தம் 210 மில்லியன் டொலர் தண்டத்துக்கு உடன்பட்டன. மறு வருடம் கிம்முக்கு 24 மில்லியன் டொலருக்கும் மேல் வெகுமதி கிடைத்தது. உரிமையாளர்கள் தொடுத்த வழக்குகளின் இணக்கத்தில், அந்த எஞ்சின்களின் அடிப்பாகத்துக்கு ஆயுட்கால வொரண்டியும் வந்தது.

அவ்வளவு பெரிய நாட்டிலேயே உண்மை துலங்க உள்ளிருந்து ஒருவர் பேச வேண்டியிருந்தது. கிளிநொச்சியில் உள்ளவரின் கையில் இருக்கக்கூடியவை ஒயில் மாற்றிய பில்களும், திறக்கப்படாத எஞ்சினும் மட்டுமே.

வன்னியின் நிலைமையும் கொம்பனிக்கே சாதகமாக இருக்கிறது. 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்றினால் போதும் என்று நினைக்கிறோம். பல கைநூல்களில் அதன் கீழேயே கடும் பாவனை என்று இன்னொரு அட்டவணை இருக்கும்: தூசி வீதி, கடும் வெப்பம், பாரம் ஏற்றி ஓடுதல். கிரவல் வீதியில் நாளாந்தம் ஓடும் வாகனம் அந்த அட்டவணைக்குள் வருகிறது. அதில் ஒயிலுக்கும் எயார் பில்டருக்கும் தவணை குறுகியது. அடுத்தது தண்ணீர். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பல கிணறுகளின் நீர் கடினமானது. கேத்தலில் வெள்ளையாகப் படிகிற அதே உப்பு ரேடியேற்றருக்குள்ளும் படியும். சூடு வெளியேற வழியில்லாமல் கஸ்கெற் போகும், ஹெட் வளையும். குறிப்பிட்ட கூலன்ற் ஊற்றவில்லை என்று எழுதிக் கோவையை மூடிவிடுவார்கள்.

வெள்ளம் தனிக் கதை. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சியும் முல்லைத்தீவும் நீரில் கிடந்ததை மறந்திருக்க மாட்டோம். தண்ணீரில் நின்ற வாகனத்தை ஸ்டார்ட் பண்ணினால் சிலிண்டருக்குள் போன நீர் நசுங்காது. கனெக்டிங் ரொட்தான் வளையும். இது வொரண்டியில் சேராது. காப்புறுதியில் கேட்க வேண்டியது. மூன்றாந்தரப்புக் காப்புறுதி மட்டும் வைத்திருப்பவருக்கு அங்கும் கதவு இல்லை.

நம் கராஜ்காரரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோல் வராத நாட்களில், சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் வாகனம் ஓடச் செய்த ஊர் இது. கிடைப்பதை வைத்து எதையும் உயிர்ப்பிக்கும் அந்தக் கைத்திறன் எங்கள் சொத்து. ஆனால் வொரண்டி உள்ள எஞ்சினில் அதே திறமை சாட்சியத்தை அழித்துவிடுகிறது. திறந்த எஞ்சினைப் பார்த்ததும் கொம்பனியின் முகவர் சொல்லும் முதல் வார்த்தை, வெளியாள் கைவைத்துவிட்டார் என்பதுதான். ஒயில் லைட் எரிந்தாலோ சூட்டு முள் ஏறினாலோ உடனே நிறுத்துங்கள். மீற்றரையும் ஒயில் மட்டத்தையும் திகதி தெரியப் படம் எடுங்கள். முகவருக்கு எழுத்தில் அறிவியுங்கள். எஞ்சினைத் திறக்கும்போது நீங்களோ உங்களுக்கு நம்பிக்கையான மெக்கானிக்கோ பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேளுங்கள். கழற்றிய பெயரிங்கை எறிய விடாதீர்கள், வடித்த ஒயிலில் ஒரு போத்தலை எடுத்து வையுங்கள். லீசிங்கில் எடுத்த வாகனமென்றால் கடிதத்தின் பிரதி லீசிங் கொம்பனிக்கும் போகட்டும். பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் அவர்கள்தான். எஞ்சின் நின்றாலும் மாதக் கட்டுப்பணம் நிற்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஜப்பானிலிருந்து வரும் ரீகண்டிஷன் வாகனத்துக்கு இங்கே பெரும்பாலும் விற்பவரின் சொல்தான் வொரண்டி. அதை பில்லில் எழுதி வாங்கவும், ஏல அறிக்கையைக் கேட்டு மீற்றரோடு ஒப்பிடவும் தயங்க வேண்டாம்.

இனிச் சட்டம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு, வொரண்டிக்கு ஒவ்வாத பொருளை விற்றவர் மீது முறைப்பாடு கேட்க அதிகாரசபைக்கு இடம் தருகிறது. விசாரித்து, இழப்பீடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பவோ உத்தரவிடலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். பொருள் விற்ற நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பழுது தெரிந்த நாளிலிருந்து என்று சட்டம் சொல்லவில்லை. இரண்டு வருட வொரண்டியோடு வாங்கிய வாகனம் ஐந்தாம் மாதம் நின்றால், வொரண்டி உயிரோடு இருக்கிறது, இந்த வழி மூடியிருக்கிறது. அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்ததோடு நின்றுவிடுபவர்களும் உண்டு. அழைப்பு எழுத்து முறைப்பாடு ஆகாது.

மூன்று மாதம் கடந்தவருக்கு 1896 ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் மிஞ்சுகிறது. அந்த வகைப் பொருளில் வியாபாரம் செய்பவர் விற்பது விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, எழுதாவிட்டாலும் உண்டு. அதற்கு மாவட்ட நீதிமன்றம் போக வேண்டும். சட்டத்தரணிக்கும் தவணைகளுக்கும் கொடுக்க, வாகனம் ஓடாத வீட்டில் பணம் எங்கே?

3 மாதக் கணக்கு, குறைந்தது நீண்டகாலம் பாவிக்கும் பொருட்களுக்காவது, பழுது தெரிந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும். எஞ்சினைக் கொழும்புக்கு 300 கிலோமீற்றர் ஏற்றி அனுப்பாமல் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ உரிமையாளர் முன்னிலையில் பரிசோதிக்கும் கடமையும் முகவர்களுக்கு வர வேண்டும். வன்னி, யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டங்களின் பாராளுமன்ற உறுப்பினர்கள் எந்தக் கட்சியினரானாலும் இந்த இரண்டையும் சேர்ந்தே கேட்கலாம்.