அனுமானத்தால் அறிந்த ஆழம்

2025-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் தேதி விடியற்காலை 5.36 மணிக்கு, டில்லியின் தவுலா குவானுக்கு அருகே நிலத்துக்கு அடியில் ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில் தோன்றிய பூகம்பம், அளவில் 4.0 என்ற சிறியதேயாயினும், பக்கத்திலுள்ள ஆர்.கே.புரத்து மக்களை உறக்கத்திலிருந்து உலுக்கி எழுப்பிற்று. நிலம் அசைந்ததைவிட, அதனோடு சேர்ந்தெழுந்த உறுமலே பலரையும் கலங்க வைத்தது. ‘அடுத்தது எப்போது?’ என்று எல்லோரும் கேட்டார்கள். இயல்பான கேள்விதான், ஆயினும் பூகர்ப்ப விஞ்ஞானத்தால் விடை சொல்ல முடியாத கேள்வியும் அதுதான். ‘என் வீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது?’ என்ற கேள்விக்கோ அது நன்றாக விடை சொல்லும். அதைக் கேட்போர் மிகச் சிலரே.

பூமியின் உட்புறத்தை எவரும் கண்டதில்லை. மனிதன் தோண்டியவற்றில் மிக ஆழமானதாகிய ரஷ்யாவின் கோலாத் துளை 12,262 மீட்டரோடு நின்றுவிட்டது. 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள உருண்டையில் அது ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே இத்துறையில் நேரில் கண்டறியும் பிரத்தியட்சப் பிரமாணம் மேல்தோலோடு முடிந்துபோக, எஞ்சியதெல்லாம் அனுமானப் பிரமாணத்தையே சார்ந்து நிற்கிறது. மலையிலே புகையைக் கண்டு அங்கே நெருப்புண்டு என்று துணியும் அந்த முறையை நம் தர்க்க சாஸ்திரிகள் எவ்வளவு கறாராக வகுத்தார்களோ, அவ்வளவு கறாராகவே பூமியை ஆராய்ந்தவர்களும் கையாண்டிருக்கிறார்கள். அந்த ஆராய்ச்சியின் இரண்டு பெரிய படிகள் நம் நாட்டு மண்ணிலேயே ஏறப்பட்டன என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி.

முதற்படி, 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே லாம்டன் தொடங்கி, அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் வடக்கே கொண்டுசென்ற நில அளவையின் விளைவு. மத்திய இந்தியாவின் கல்யாண்பூருக்கும், டில்லிக்கு வடக்கே முசாபர்நகர்ப் பகுதியிலுள்ள கலியானாவுக்கும் இடையேயுள்ள தூரத்தை முக்கோண அளவையால் கணக்கிட்டபோது ஒரு விடையும், நட்சத்திரங்களைக் கொண்டு கணக்கிட்டபோது வேறொரு விடையும் கிடைத்தன. வேற்றுமை கோண அளவில் 5.236 விகலை, தரையில் சுமார் 160 மீட்டர். நட்சத்திரங்களை அளக்கையில் செங்குத்தைக் காட்டும் தூக்குக்குண்டை இமயமலையின் பெருந்திணிவு தன்பால் இழுத்ததே காரணம் என்று கருதிய கல்கத்தாப் பாதிரியார் பிராட், அந்த இழுப்பைக் கணித்துப் பார்த்தபோது, வேற்றுமை ஏறக்குறைய 16 விகலை இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. மலை இழுக்கத்தான் செய்தது. ஆனால் இழுக்க வேண்டிய அளவு இழுக்கவில்லை. 1855-இல் இதற்கு விளக்கம் தந்த வானியலாளர் ஏரி, மலைகள் பூமியின் மேல் வைத்த பாரங்கள் அல்ல, கனத்த அடிப்பொருளில் இலேசான வேர்களை ஆழ இறக்கி மிதப்பவை என்றார். ஒரு குண்டு சற்றே சாய்ந்ததிலிருந்து மலையின் வேரை அறிந்த இந்த யுக்தி, என் அபிப்பிராயத்தில், விஞ்ஞான வரலாற்றின் அழகிய அனுமானங்களுள் ஒன்று.

இரண்டாம் படி துயரத்தில் பிறந்தது. 1897 ஜூன் 12-ஆம் தேதி அஸ்ஸாமைப் பெரும் பூகம்பம் தாக்கி ஷில்லாங்கை அழித்தபோது, அதைப் பதிவு செய்ய இந்தியாவில் பூகம்பமானி ஒன்றுகூட இல்லை. இந்திய நிலவியல் துறையைச் சேர்ந்த ரிச்சர்ட் டிக்சன் ஓல்ட்ஹாம் சேதமடைந்த பிரதேசமெங்கும் சென்று, விழுந்த தூண்களையும் சாய்ந்த கல்லறைக் கற்களையும் ஆராய்ந்து, கண்டவர்களிடம் கேட்டறிந்தவற்றையும் திரட்டினார். ஓரிடத்தில் பெரிய கற்கள் தாம் பதிந்திருந்த குழியின் விளிம்பைச் சிறிதும் சிதைக்காமல் வெளியே கிடப்பதைக் கண்டு, நிலம் அவற்றை மேல்நோக்கியே எறிந்திருக்கிறது, அதாவது அதிர்ச்சியின் முடுக்கம் புவியீர்ப்பின் முடுக்கத்தையும் விஞ்சியிருக்கிறது என்று முடிவுசெய்தார். அதே பூகம்பத்தை இத்தாலியில் இருந்த கருவிகள் பதிந்திருந்தன. அப்பதிவுகளில் முதலில் ஓர் அலையும், பின்னர் மற்றோர் அலையும், இறுதியில் நிலத்தின் மேற்பரப்பை ஒட்டியே வரும் பேரலையும் தனித்தனியே வந்து சேர்வதை அவர் பிரித்துக் காட்டினார். 1906-இல், உலகின் மறுபுறத்தை அடையும் அலைகள் எதிர்பார்த்ததைவிடத் தாமதிப்பதைக் கொண்டு, பூமியின் நடுவே வேறு இயல்புடைய ஒரு கரு இருக்கிறதென்று நிறுவினார்.

அதன் பின் வந்தவற்றைச் சுருங்கச் சொல்லலாம். அக்கருவின் எல்லை 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ளதென்று குட்டன்பர்க்கும், அது திரவம் என்று 1926-இல் ஜெஃப்ரீஸும், அதற்குள்ளும் வேறொரு உட்கரு உண்டென்று 1936-இல் டென்மார்க்கு நாட்டு அம்மையார் இங்கே லேமனும் கண்டறிந்தனர். 1898-இல் கல்கத்தா அலிப்பூரிலும், மறு ஆண்டில் பம்பாயிலும் நம் கொடைக்கானலிலும் நிறுவப்பட்ட கருவிகளோடு இந்தியாவும் அந்தப் பதிவுப் பணியில் சேர்ந்தது.

ஆர்.கே.புரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். முதல் அலைக்கும் இரண்டாம் அலைக்கும் இடையே ஒரு விநாடி இருந்தால் பூகம்பம் தோன்றிய இடம் ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர் தொலைவில் உள்ளதென்பது கணக்கு. பிப்ரவரியில் அந்த இடைவெளி ஒரு விநாடி அளவுக்குக் குறுகியதாலேயே அது ஒரே குலுக்கலாகத் தோன்றிற்று. கிட்டத்தில் எழுந்த விரைவான அதிர்வுகள் சிதையாமல் மேலே வந்து காற்றை அசைத்ததாலேயே உறுமல் கேட்டது.

அலைகள் பாறையில் ஒருவிதமாகவும் வண்டலில் வேறுவிதமாகவும் நடந்துகொள்கின்றன. ஆர்.கே.புரத்து முருகன் கோயிலான மலை மந்திர் நிற்கும் குன்று ஆரவல்லித் தொடரின் எச்சமான குவார்ட்சைட் என்னும் கடும்பாறை. கிழக்கே யமுனையை நெருங்க நெருங்க அந்தப் பாறை ஆழத்தில் மறைந்து, அதன்மேல் ஆறு கொணர்ந்த மணலும் களிமண்ணும் தடித்துக் கிடக்கின்றன. இளகிய படிவுக்குள் புகும் அலை வேகம் குன்றி வீச்சில் பெருகும். கட்டடத்தின் உயரமும் படிவின் ஆழமும் ஒத்துப்போனால் ஆட்டம் இன்னும் மிகும். தேசிய நில அதிர்வு மையம் டில்லியின் நிலத்தைத் துளையிட்டும் அலைவேகம் அளந்தும், பகுதி பகுதியாக ஆபத்தின் தரத்தைக் காட்டும் நுண்வரைபடம் தயாரித்திருக்கிறது. 1803-இல் தொலைவில் இமயமலைப் பக்கம் எழுந்த பூகம்பமே குதுப்மினாரின் உச்சிக் கூடத்தைத் தள்ளிவிட்ட நகரத்தில், இதைவிடப் பயனுள்ள காகிதம் வேறு என்ன இருக்க முடியும்?

ஆனால் அந்த வரைபடத்தை வீடு வாங்குபவர் கேட்பதில்லை, விற்பவர் காட்டுவதில்லை. பழைய அரசுக் குடியிருப்புகளை இடித்து, நேதாஜி நகரிலும் சரோஜினி நகரிலும் வானளாவ எழுப்புகிற இந்நாளில், ஒவ்வொரு மனையின் அடிநில விவரமும் அந்தக் கட்டடத்தின் வாசலிலேயே பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும் என்று நான் திடமாகக் கருதுகிறேன். காணாததை நம்புவதெப்படி என்று தயங்குவோர், நிலத்தடிப் படத்தை வரைந்த அதே முறைதான் 2,900 கிலோமீட்டர் ஆழத்து எல்லையையும் நிர்ணயித்தது என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

ஆர்.கே.புரத்திலும் சுற்றுப்புறத்திலும் வாழும் தமிழன்பர்களுக்கு இரண்டு வேண்டுகோள். உங்கள் கட்டடம் பூகம்பத்தைத் தாங்குமா என்று தகுதிவாய்ந்த பொறியாளரைக் கொண்டு சோதிக்கும்படி குடியிருப்போர் சங்கத்தின் மூலம் எழுத்தில் கேளுங்கள். அடுத்த முறை நிலம் அசைந்தால், எத்தனை மணிக்கு, எந்த மாடியில், எவ்விதம் உணர்ந்தீர்கள் என்பதைத் தேசிய நில அதிர்வு மையத்துக்குத் தெரிவியுங்கள். கருவிகள் இல்லாத பகுதிகளில் அம்மையத்தாருக்கு இன்றும் உங்கள் சாட்சியமே துணை.