நாட்டாமை வீட்டில் பொங்கலா? அங்கே அடுப்பு ஊதுவது யார்?

கொஞ்சம் நீளமான பதிவு. முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் சண்டைக்கு வாருங்கள்.

பத்து நாளாக ஒரு விளையாட்டு சுற்றிக்கொண்டிருக்கிறது. "எந்தப் படத்தில், எந்த சீரியலில் வருகிற வீட்டில் பொங்கல் கொண்டாட ஆசை?" இதுதான் கேள்வி. வந்த பதில்களை உட்கார்ந்து படித்தேன். 'தேவர் மகன்' வீடு. 'நாட்டாமை' வீடு. 'சின்னக் கவுண்டர்' வீடு. சீரியல் என்றால், பட்டுப்புடவையோடு படுத்து பட்டுப்புடவையோடு எழுந்திருக்கிற அந்தக் கூட்டுக்குடும்ப வீடு.

ஆசைப்படுவதில் தப்பில்லை. இடைநிலை ஆசிரியையாக 34 வருஷம் "நான் ஒரு பறவையானால்" என்று கட்டுரை எழுத வைத்தவள் நான். ஆனால் வகுப்பில் நாற்பது பிள்ளையும் கழுகு என்றே எழுதினால், "குருவி, காக்கா எல்லாம் எங்கேடா போச்சு?" என்று கேட்பேன். இங்கேயும் அதே கேள்விதான். இத்தனை பேர் எழுதினீர்களே, எல்லோரும் ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கொல்லைப்புறத்தில் விறகு பிளக்கிறவர் யார்? மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளுகிறவர் யார்? ஒருவர்கூட அந்த இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கவில்லையே!

முதலில் அந்தப் படங்களையாவது ஒழுங்காக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 'தேவர் மகன்' 1992 தீபாவளிக்கு வந்தது. அந்த ஊரில் பங்காளிச் சண்டையில் கரையை உடைத்து வெள்ளத்தை விடுகிறார்கள், உயிர்கள் போகின்றன. கடைசியில் நாயகன், பிள்ளைகளைப் படிக்க வைக்கச் சொல்லிவிட்டு ஜெயிலுக்குப் போகிறார். படத்தில் எனக்குப் பிடித்த இடம் அதுதான். நம் ஆட்களுக்கோ வீட்டின் தூண் மட்டும்தான் மனதில் நிற்கிறது. 'நாட்டாமை' (1994) என்ன சொல்கிறது? ஒரு மனிதர் ஆலமரத்தடியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னால் ஒரு குடும்பம் 18 வருஷம் ஊரை விட்டுத் தள்ளிவைக்கப்படுகிறது. அந்த 18 வருஷமும் அவர்கள் வீட்டில் பொங்கல் எப்படி இருந்திருக்கும் என்று யாராவது யோசித்தோமா?

இன்னொன்றையும் கவனித்தேன். 'பரியேறும் பெருமாள்' (2018) பார்த்து அழுதவர்கள் என் நட்புப் பட்டியலிலேயே நிறையப் பேர். 'கர்ணன்' (2021) பார்த்துவிட்டுப் பக்கம் பக்கமாக எழுதியவர்களும் உண்டு. ஆனால் பரியன் வீட்டில் பொங்கல் வைப்பேன் என்று ஒருவரும் எழுதவில்லை. கர்ணன் ஊருக்கு யாரும் போகவில்லை. எப்படிப் போவது? அங்கேதான் பஸ் நிற்காதே!

நான் டெல்டாக்காரி. அப்பா குத்தகைக்கு உழுதவர். பெரிய பண்ணை வீடுகளில் பொங்கல் எப்படி நடந்தது என்று அம்மா சொல்லக் கேட்டு வளர்ந்தேன். பண்ணையாட்கள் கொல்லை வழியாக வந்து, நெல்லும் துணியும் வாங்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போவார்கள். முன்வாசல் கோலத்தை அவர்கள் மிதித்ததில்லை. பண்ணையாட்களை நினைத்த நேரத்தில் விரட்டக் கூடாது என்பதற்கே 1952-ல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் என்று தனியாக ஒரு சட்டம் தேவைப்பட்டது. அதற்குப் பிறகும் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட விவசாயக் கூலிகளின் குடும்பங்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். மூன்று வாரம்கூட ஆகவில்லை, தை பிறந்துவிட்டது. சினிமாவில் வருகிற பெரிய வீட்டுப் பொங்கலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கும் சேர்ந்தே ஞாபகம் வரும்.

"டீச்சர், ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு பாடமா?" என்பீர்கள். விளையாட்டு போனிலேயே நின்றிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அது நான் குடியிருக்கும் அடுக்குமாடிக்கே வந்துவிட்டது. இந்த வருஷம் "சினிமா கிராமப் பொங்கலாம்". பார்க்கிங்கில் ஓலைக்குடிசை செட், ஆலமரம் வரைந்த பேனர், டெம்போவில் கொண்டுவந்து கட்ட ஒரு மாடு. நடுவில் சொம்பும் ஜமுக்காளமும் வைத்து போட்டோ எடுக்க ஒரு நாட்டாமை நாற்காலி. வீட்டுக்கு 1,200 ரூபாய் வசூல்.

இதுவரைகூடச் சரி என்று வையுங்கள். துப்புரவு வேலைக்கு வருகிற ஆறு பெண்களையும் கண்டாங்கிச் சேலை கட்டி, தலையில் குடத்தோடு வாசலில் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். வாட்ச்மேன் தலையில் முண்டாசு, கையில் தடி. எதற்கு? "அப்போதுதான் கிராமம் மாதிரி இருக்கும்." தை முதல் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு வந்துவிட வேண்டுமாம். அந்தப் பெண்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "டீச்சரம்மா, அன்னைக்கு எங்க வீட்லயும் பொங்கல்தானே?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

ஊர்ப் பெண் மாதிரி நடிப்பதற்காக, நிஜமான ஊர்ப் பெண் தன் வீட்டுப் பானையை விட்டுவிட்டு வர வேண்டும். இதற்குப் பெயர் பண்பாடா? பழைய பண்ணை வீட்டுக்காரர்கூடப் பண்ணையாளைப் பண்ணையாளாக நடிக்கச் சொல்லவில்லையே ஐயா!

குரூப்பில் எழுதினேன். "சும்மா ஜாலிக்கு டீச்சர்" என்றார் ஒருவர். யாருக்கு ஜாலி? நாற்காலியில் உட்காருகிறவருக்கா, குடத்தோடு நிற்கிறவருக்கா? இன்னொருவர், "இப்போதைய பிள்ளைகளுக்கு கிராமமே தெரியாது, சினிமா மூலமாவது தெரியட்டும்" என்றார். நியாயமான கவலைதான். ஆனால் அந்த செட்டில் எது தெரியும்? பொங்கல் ஒரு அறுவடைப் பண்டிகை. மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. அந்தத் தண்ணீரை நம்பி விதை விட்டு, நாற்றுப் பறித்து, குனிந்து நட்டு, களை எடுத்து, தையில் சம்பா அறுக்கிறார்கள். மழை பிந்தினாலோ, புயலில் கதிர் சாய்ந்தாலோ அத்தனையும் போச்சு. அந்தப் பயத்தைத் தாண்டி வந்த புது அரிசி என்பதால்தான் சூரியனுக்கும் மாட்டுக்கும் நன்றி சொல்கிறோம். இதில் ஒரு வரியாவது அந்தப் பேனர் சொல்லுமா? நாட்டாமை நாற்காலியிலிருந்து பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: ஊர் என்றால் ஒருவர் உட்கார்ந்திருப்பார், மற்றவர்கள் நிற்பார்கள்.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவள் இல்லை நான். எங்கள் குடியிருப்புக்கு நான் வைத்திருக்கும் கோரிக்கைகள் இவை. உங்கள் குடியிருப்புக்கும் பொருந்தும்.

ஒன்று: தை முதல் நாள் துப்புரவுப் பணியாளர்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை. அன்று நம் குப்பையை நாமே கீழே கொண்டுபோய்ப் போடலாம், கை தேய்ந்துவிடாது.

இரண்டு: வாட்ச்மேனும் வீட்டில் பொங்கல் சாப்பிடட்டும். கேட்டில் ஆளுக்கு ஒரு மணி நேரம் நாம் உட்காருவோம். முதல் முறை எனக்கே கொடுங்கள்.

மூன்று: செட்டுக்கு வசூலித்த பணம் அவர்களுக்குப் பொங்கல் போனஸாகப் போகட்டும், பொங்கலுக்கு முன்பே.

நான்கு: பார்க்கிங்கில் மூன்று கல் வைத்து, நம் கையால் பொங்கல் வைப்போம். பானையையும் நாமே கழுவுவோம். புகை கண்ணில் ஏறட்டும், பிள்ளைகள் பார்க்கட்டும்.

இதைப் படித்துவிட்டு என்னைத் திட்ட நினைப்பவர்கள் தாராளமாகத் திட்டுங்கள். முன்னாள் மாணவர்கள் திட்டும்போது ஒற்றுப்பிழை இல்லாமல் திட்டவும். ஆனால் திட்டுவதற்கு முன் உங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மாவிடம், "பொங்கலன்று எத்தனை மணிக்கு உங்கள் வீட்டில் பானை வைப்பீர்கள்?" என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.