முத்திரை குத்தும் அதிகாரம் யார் கையில்?

மில் தொழிலாளியின் சம்பளமும் விவசாயக் கூலியின் முதியோர் பென்ஷனும் இன்று பாங்கி வழியாகவே வருகின்றன. அந்தப் பாங்கியின் தளத்தைக் கைபேசியில் திறந்ததும், "இது அசல்தான்" என்று உத்தரவாதம் சொல்வது எது? ஒரு டிஜிட்டல் சான்றிதழ். அது இல்லையேல் உலாவி எச்சரிக்கை செய்து தடுக்கும்.

யார் தரும் சான்றிதழ் செல்லும்? அதைத் தீர்மானிப்பவை கூகுள், ஆப்பிள், மைக்ரோசாப்ட், மொஸில்லா ஆகிய நான்கு அமெரிக்க ஸ்தாபனங்களின் பட்டியல்களே. மொஸில்லா லாப நோக்கற்றது என்பது வாஸ்தவம். மற்ற மூன்றும் பகாசுர ஏகபோகங்கள்.

கம்ப்யூட்டர் நொடியில் போடும் கையெழுத்துக்கு வருஷா வருஷம் பணம் கறந்தார்கள். 2010-ல் வெரிசைன் கம்பெனியின் இந்த வியாபாரத்தை ஸிமான்டெக் வாங்கிய விலை சுமார் 128 கோடி டாலர்! 2015 டிசம்பரில் 'லெட்ஸ் என்கிரிப்ட்' எல்லோருக்கும் இலவசமாக வழங்கத் தொடங்கிற்று. தளத்தின் பெயர் நம் வசம் உள்ளது என்று நிரூபித்தால் போதும். உங்கள் சங்கத்தின் தளத்துக்குச் சான்றிதழ் வாங்க ஏஜெண்டு எவனாவது ஆயிரக்கணக்கில் கேட்டால், காலணா கொடுக்காதீர்கள். ஒன்று மறவாதீர்: மோசடிக்காரனும் தன் தளத்துக்கு இதே சான்றிதழைப் பெறலாம். தளத்தின் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

இலவசம் வந்தது, பட்டியலின் சாவி கைமாறவில்லை. 2022-ல் பொருளாதாரத் தடைகள் வந்ததும், ருஷ்யத் தளங்கள் பலவற்றுக்குச் சான்றிதழைப் புதுப்பிக்க வழியடைந்தது. ருஷ்ய சர்க்கார் சொந்த முத்திரை செய்தது. குரோம் அதை ஏற்கவில்லை. ஸ்பெர்பாங்க் வாடிக்கையாளர்கள் யாண்டெக்ஸ் உலாவிக்கு மாறவோ, புதிய முத்திரையைத் தாங்களே கம்ப்யூட்டரில் பதிக்கவோ நேர்ந்தது.

அப்படியானால் சாவியை டில்லி சர்க்காரிடம் கொடுத்துவிட்டால் தீர்ந்ததா? தீராது. 2014 ஜூலையில், நமது தேசியத் தகவலியல் மையத்தின் முத்திரையோடு கூகுள், யாஹூ தளங்களின் பெயரில் போலிச் சான்றிதழ்கள் வெளியானது அம்பலமாயிற்று. அம்பலப்படுத்தியது கூகுள்! போலிச் சான்றிதழ் கையிலிருந்தால் நடுவழியில் நின்று பிறர் கடிதத்தைப் படிக்கலாம். 2011-ல் ஹாலந்தின் டிஜிநோட்டார் கம்பெனிக்குள் திருடர் புகுந்தபோது, ஈரானிய மக்களுக்கு நேர்ந்தது இதுவே. அந்தக் கம்பெனி அதே வருஷத்தில் திவாலாயிற்று. ஒற்றறியப்பட்ட மக்களுக்கு யார் பதில் சொன்னார்கள்?

2023-ல் சர்க்கார் சொந்த உலாவிக்குப் போட்டி வைத்தது. வைக்கட்டும்; சுயசார்பு வேண்டியதுதான். ஆனால் சர்க்கார் முத்திரையோடு வெளிவரும் ஒவ்வொரு சான்றிதழும் எவரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் ஏற வேண்டும். தணிக்கை அறிக்கைகள் தமிழிலும் வெளிவர வேண்டும். பார்லிமெண்டிலுள்ள நமது உறுப்பினர்கள் இதை அடுத்த கூட்டத்திலேயே எழுப்பவேண்டும்.