உள்ளூர்க்காரன் என்றால் யார்?

'வெளிமாநிலத்தானை வெளியேற்று, மண்ணின் மைந்தனுக்கு இடம் கொடு' என்ற முழக்கம் புதுச்சேரி கிரிக்கெட்டைச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறது. நம் தோழர்கள் பலரும் அதைப் பகிர்கிறார்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் பகிர்கிறவர்கள் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இடம் கொடுக்கச் சொல்கிறோமே, அந்த மைந்தன் எந்தத் தெருவில் குடியிருக்கிறான்?

முதலில் விவகாரம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். 2018-19 பருவத்தில்தான் புதுச்சேரி அணி முதன்முதலாக ரஞ்சிக் கோப்பையில் ஆடியது. இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் விதிப்படி ஒரு மாநில அணிக்கு ஆட வேண்டுமானால் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது ஓராண்டாவது அங்கே வசித்தோ படித்தோ வேலை பார்த்தோ இருக்க வேண்டும். இது போக, மூன்று பேர் வரை வெளியிலிருந்து வெளிப்படையாகவே அழைத்துக்கொள்ளலாம். முதல் ஆண்டே சிக்கல். 2018 செப்டம்பரில், விஜய் ஹசாரே போட்டி தொடங்கிய கையோடு, புதுச்சேரிக்காகப் பதிவு செய்யப்பட்ட எட்டு பேரின் பதிவை வாரியமே ரத்து செய்தது. பிறகு 2025 டிசம்பரில் இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளேடு ஒரு புலனாய்வுச் செய்தியை வெளியிட்டது. வெளிமாநில ஆட்டக்காரர்கள் பணம் கொடுத்து, பொய் முகவரியில் ஆதார், முன்தேதியிட்ட கல்லூரிச் சேர்க்கை, வேலைச் சான்று என்று காகிதங்களைத் தயார் செய்து 'உள்ளூர்' ஆகிவிடுகிறார்கள் என்பது அதன் சாரம். ஒரே வீட்டு முகவரியில் பத்துப் பேருக்கு மேல் 'குடியிருந்தார்கள்'. 2021-க்குப் பிறகு புதுச்சேரிக்காக ரஞ்சி ஆடியவர்களில் இங்கேயே பிறந்தவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம் என்றும் அந்த ஏடு எழுதியது.

அந்தச் செய்தி சொல்வது உண்மையானால் அது திருட்டு. அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. ஆனால் அபிஷேக் நாயர், பங்கஜ் சிங், பாரஸ் டோக்ரா, வினய் குமார் போன்றவர்கள் வெளியூர்க்காரர்கள் என்று எல்லோருக்கும் தெரியும்படி வந்து ஆடினார்கள். திருட்டையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, 'இங்கே பிறந்தவனுக்கே எல்லாம்' என்று முடிப்பதைத்தான் நான் மறுக்கிறேன். பிறப்பை வைத்து ஆளை அளக்கிற கோலை நாம் எவனிடமிருந்தும் கடன் வாங்கக் கூடாது. அந்தக் கோலால் நாம் வாங்கிய அடி போதும்.

'உள்ளூர்' என்ற சொல்லுக்குள்ளேயே 'ஊர்' இருக்கிறது. ஊர் என்றால் எது என்று மதகடிப்பட்டிலோ பாகூரிலோ யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஊர் வேறு, சேரி வேறு. ஊர்க்கூட்டம், ஊர்த் திருவிழா, ஊர் வரி, எதிலும் நமக்குக் கணக்கில்லை. எங்கள் பக்கத்து டென்னிஸ் பந்துப் போட்டிகளின் நோட்டீஸைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 'ஒரே ஊர் அணிகள் மட்டும்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். காசு கொடுத்து வெளியாளை இறக்கக் கூடாது என்பதற்காக வைத்த விதி. ஊருக்கும் காலனிக்கும் ஒரே கிராமப் பெயர், ஒரே அஞ்சல் குறியீடு, ஒரே கொம்யூன் பஞ்சாயத்து. ஆனாலும் இரண்டு அணிகள் வரும். ஊர் அணிக்குப் பந்துவீசக் காலனிப் பையன் ஒருவனைக் கூப்பிட்டால், எதிரணிக்காரன் 'இது கெஸ்ட் பிளேயர்' என்று தகராறு செய்வான். நானூறு மீட்டர் தள்ளிப் பிறந்தவன் அயல்நாட்டான்! இந்த அகராதியை மாற்றாமல் 'உள்ளூர் வீரனுக்கு வாய்ப்பு' என்று முழங்கினால், வாய்ப்பு யார் வீட்டு வாசலில் போய் நிற்கும் என்று சொல்ல வேண்டுமா?

பிறப்பைத்தான் பார்க்க வேண்டும் என்பவர்கள் ஒரு நாள் விழுப்புரம் பஸ்ஸில் ஏறிப் பார்க்கட்டும். வில்லியனூர், அரியூர் தாண்டினால் கண்டமங்கலம். அது தமிழ்நாடு. அடுத்து திருபுவனை, மதகடிப்பட்டு. மறுபடியும் புதுச்சேரி. இன்னும் கொஞ்ச தூரத்தில் வளவனூர். மறுபடியும் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரனும் வெள்ளைக்காரனும் பங்கு பிரித்தபோது கிழித்த கோடு இது. எங்கள் ஊர்ப் பெண் தலைப்பிரசவத்துக்கு வளவனூரில் தாய்வீட்டுக்குப் போனால் பிள்ளை வெளிமாநிலத்தில் பிறந்தவன். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் பிறந்து மதகடிப்பட்டில் வளர்ந்தவன் யார்? கோதாவரிக் கரை ஏனாமில் பிறந்தவனும் மலையாளக் கரை மாஹேயில் பிறந்தவனும் இந்த மண்ணின் மைந்தர்கள், கண்டமங்கலத்துக்காரன் அந்நியன் என்றால் அது என்ன மண், என்ன மைந்தன்?

இதைவிடக் கசப்பான ஒன்றும் இருக்கிறது. புதுச்சேரியின் அட்டவணைச் சாதிப் பட்டியல் 1964-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையில் இருக்கிறது. அந்த ஆண்டை வைத்துத்தான் நம்மையே 'பூர்வீகம்', 'குடிபெயர்ந்தோர்' என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். 1964-க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததா, காகிதம் எங்கே என்று கேட்கிறார்கள். யாரிடம்? கரும்பு வெட்டவும் செங்கல் அறுக்கவும் கோட்டைத் தாண்டி வந்த குடும்பங்களிடம். மனைப்பட்டாவே இல்லாதவன் பாட்டனின் குடியிருப்புச் சான்றுக்கு எங்கே போவான்? வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. சாதிச் சான்றிதழுக்கு அறுபது ஆண்டுக் கணக்குக் கேட்கிற இதே பிரதேசத்தில், மட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறவனுக்கு ஒரு வாடகை வீட்டு முகவரி போதுமாம். பூர்வீகம் என்பது யாரைத் தடுக்க வைத்த கதவு, யாருக்குத் தானாகத் திறக்கிற கதவு என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

வெளியில் பிறந்தவரை நாட்டு அணியிலேயே சேர்க்கலாமா என்ற விவாதமும் உலகில் பழையதுதான். அங்கே பிறப்போ குடியுரிமையோ மூன்றாண்டு வசிப்போ இருந்தால் ஆடலாம் என்பது சர்வதேசக் கிரிக்கெட் அவையின் இன்றைய விதி. 2019-இல் உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணித்தலைவர் மார்கன் டப்ளினில் பிறந்தவர், இறுதியாட்டத்தின் நாயகன் ஸ்டோக்ஸ் நியூசிலாந்தில் பிறந்தவர், சூப்பர் ஓவரை வீசிய ஆர்ச்சர் பார்படோஸ்காரர். இங்கிலாந்துக்குக் குடி முழுகிவிடவில்லை.

ஆனால் அயலில் பிறந்த எல்லோரும் ஒன்றல்ல. லண்டன் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இரண்டு பேர் ஆளுக்கு 158 ஓட்டங்கள் எடுத்தார்கள். 1968-இல் பேசில் டி ஒலிவைரா, 2005-இல் கெவின் பீட்டர்சன். இருவரும் தென்னாப்பிரிக்காவில் பிறந்து இங்கிலாந்துக்கு ஆடியவர்கள். ஒரே நாடு, ஒரே மைதானம், ஒரே எதிரணி, ஒரே எண்ணிக்கை. டி ஒலிவைராவை நிறவெறி அரசு 'கலப்பினத்தவர்' என்று பட்டியலிட்டிருந்தது. எவ்வளவு ஆடினாலும் சொந்த நாட்டு அணியில் அவருக்கு இடமில்லை. அவர் இடம்பெற்ற இங்கிலாந்து அணியைத் தன் மண்ணுக்குள் விடமாட்டேன் என்றார் பிரதமர் போர்ஸ்டர். சுற்றுப்பயணமே ரத்தானது. தென்னாப்பிரிக்காவை விளையாட்டு உலகம் ஒதுக்கிவைக்கத் தொடங்கியதில் அந்தச் சம்பவத்துக்குப் பெரிய பங்குண்டு. பீட்டர்சனோ, நேட்டால் அணியில் தன் இடம் போனதற்குக் கறுப்பினத்தவருக்கான ஒதுக்கீடே காரணம் என்று சொல்லிக் கிளம்பியவர். நமக்குப் பழகிய குரல்தான். இடஒதுக்கீட்டால் தகுதிக்கு மதிப்பில்லை என்று சொல்லி அமெரிக்காவுக்கு விமானம் ஏறிய மயிலாப்பூர்க் குரல். ஒருவரை அடக்குமுறை துரத்தியது, இன்னொருவரைச் சலுகை போன வருத்தம் துரத்தியது. இருவர் கடவுச்சீட்டிலும் பிறந்த நாடு ஒன்றுதான்.

பீட்டர்சன் வெறுத்த அந்த ஒதுக்கீடு என்ன செய்தது? பிறகு 2016-இல் தென்னாப்பிரிக்க வாரியம் இலக்கே வைத்தது. ஒரு பருவத்தின் சராசரியில் தேசிய அணியில் வெள்ளையரல்லாதோர் ஆறு பேர், அதில் கறுப்பின ஆப்பிரிக்கர் இருவர். லாங்கா என்ற கறுப்பின மக்களின் குடியிருப்பிலிருந்து வந்த டெம்பா பவுமாவை 'கோட்டா கேப்டன்' என்று எத்தனை பேர் கேலி செய்தார்கள்! 2025 ஜூனில் லார்ட்ஸ் மைதானத்தில் ஆஸ்திரேலியாவை வீழ்த்தி டெஸ்ட் உலகப் பட்டத்தைத் தூக்கியவர் அவர்தான். 1998-க்குப் பிறகு தென்னாப்பிரிக்கா வென்ற முதல் ஐசிசி பட்டம்.

இலங்கையைப் பார்ப்போம். தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பகுதி நம் சேரிகளிலிருந்து போனவர்கள். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு லட்சம் மலையகத் தமிழர்களை ஒரே அடியில் நாடற்றவர்களாக்கியது. அங்கேயே பிறந்தவர்களையும் சேர்த்துத்தான். தமிழ்நாட்டிலிருந்து தோட்டத்துக்குப் போன ஒரு தாத்தாவின் பேரன்தான் 800 விக்கெட் எடுத்த முத்தையா முரளிதரன். அவருடைய அரசியல் எனக்கு ஒப்புதல் இல்லை, அது வேறு கதை. பிறந்த மண்ணிலேயே ஒருவனை அயலான் ஆக்க ஒரு சட்டம் போதும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் நாட்டில் அதற்குச் சட்டம்கூடத் தேவைப்படவில்லை. பால்வங்கர் பாலு தார்வாரில் 1876-இல் பிறந்த சமார் சமூகத்தவர். புனேயில் வெள்ளையர் மன்றத்தில் ஆடுகளம் பராமரிக்கிற வேலை. வலைப்பயிற்சியில் வெள்ளையர்களுக்குப் பந்துவீசிப் பந்துவீசியே பெரிய சுழற்பந்து வீச்சாளர் ஆனார். இந்து அணிக்கு அவர் கை வேண்டும், ஆள் வேண்டாம். தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் குடிக்க, அவருக்கு வெளியே மண் குவளை. 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட்டுகளைச் சாய்த்தவருக்குக் கடைசி வரை தலைமை கிடைக்கவில்லை. 1923-இல் தம்பி விட்டலுக்குத்தான் கிடைத்தது. சொந்த அணியில் பாலு உள்ளூர்க்காரரா, வெளியாளா? எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் 2018-இல் வந்த ஒரு கட்டுரை, இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடிய ஏறத்தாழ 290 ஆண்களில் தலித்துகள் நால்வர் என்று கணக்கிட்டது. அந்த 290 பேரும் மண்ணின் மைந்தர்கள்தான்.

'விளையாட்டுக்கு ஏது எல்லை, திறமைதானே அளவுகோல்' என்று எதிர்ப்பக்கத்தில் ஒரு கூட்டம் நிற்கிறது. இவர்களும் நமக்கு வேண்டாதவர்கள்தான். திறமை துத்திப்பட்டு மைதானத்தின் புல்லில் தானாக முளைப்பதில்லை. டென்னிஸ் பந்தில் ஆடுகிறவன் தோல் பந்துக்கு மாற வேண்டும். அதற்கு மட்டை, காலுறைக் கவசம், தலைக்கவசம், பயிற்சிக் கட்டணம் வேண்டும். நல்ல மட்டை ஒன்றின் விலை, திருபுவனை தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலியாகப் போகிற அண்ணனின் ஒரு மாதச் சம்பளத்தைத் தின்றுவிடும். பன்னிரண்டு வயதில் வலைக்குள் நின்றவனையும் இருபது வயதில் முதன்முறை தோல் பந்தைத் தொட்டவனையும் ஒரே நாளில் நிறுத்தி 'தகுதி' பார்ப்பது, பந்தயம் முடிகிற இடத்தில் ஒருவனைப் பிறக்க வைத்துவிட்டு ஓட்டப்போட்டி நடத்துவது போல. வெளியூரிலிருந்து காசோடு வருகிறவனும் சரி, நகரத்து வசதியான வீட்டிலிருந்து வருகிற 'மைந்தனும்' சரி, நம் பையனைப் பொறுத்தவரை ஒரே வரிசையில் அவனுக்கு முன்னால் நிற்கிறவர்கள்தான்.

ஆகவே என் நிலை இது. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்குள் வெளியாட்களைக் கூப்பிடட்டும், பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும். கூப்பிடப்பட்டவர்கள் ஆடிவிட்டுப் போகாமல் கொம்யூன் மைதானங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரட்டும். பிழைக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட பீகார்த் தொழிலாளியின் மகன் நாளை புதுச்சேரிக்கு ஆடினால் முதலில் கைதட்டுகிறவர்கள் நாமாக இருக்க வேண்டும். பொய்க் காகிதத்தில் நுழைந்தவர்களும் நுழைய வைத்தவர்களும் விசாரணைக்கு வரட்டும். அதோடு, 'உள்ளூர்' இடங்கள் யாருக்குப் போயின என்ற கணக்கும் வெளியே வர வேண்டும். பிறந்த ஊர்க் கணக்கு மட்டும் போதாது. எத்தனை பேர் அட்டவணைச் சாதியினர், எத்தனை பேர் மண்ணாடிப்பட்டு, வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் அரசுப் பள்ளிகளில் படித்தவர்கள், தேர்வுக் குழுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? வயதுக்கட்ட அணிகளில் தொடங்கி ஒதுக்கீடு கேட்போம். வாரியத்திலிருந்து கோடிகளில் வருகிற பணத்திலும் அரசின் சிறப்புக்கூறு நிதியிலும் காலனிக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆடுகளம், ஒரு வலை கேட்போம்.

உடனடியாகச் செய்ய ஒன்று உண்டு. அடுத்த தேர்வு முகாமின் அறிவிப்பு ஒவ்வொரு காலனியின் அம்பேத்கர் படிப்பகச் சுவரிலும் ஒட்டப்பட வேண்டும். முகாம் ஞாயிற்றுக்கிழமை நடக்க வேண்டும். புதன்கிழமை காலை எட்டு மணிக்கு வெள்ளைச் சட்டையோடு வரச் சொன்னால், அந்த நேரத்தில் ஷிஃப்டுக்குப் போகிறவன் வரமாட்டான். அவன் வராததை வைத்து, 'உள்ளூரில் ஆளே இல்லை' என்று எழுதிவிட்டு வெளியே தேடுவார்கள்.